‘துளிகூட இல்லை’ என்று ஆங்கிலத்தில் சொல்வது எப்படி? மலையகத்தில் புதிதாக வேலைக்குச் சேருவோருக்கு

உயர்தரம் முடித்த கையோடு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலிலோ, எல்லவில் ஒரு ஹோம்ஸ்டேயிலோ, பக்கத்துத் தோட்டத்து ஆபீசிலோ வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ‘இருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொல்வதில் பெரிய சிரமம் இருப்பதில்லை. சிக்கல் எல்லாம் ‘இல்லை’யில்தான். அதிலும் ‘இல்லவே இல்லை’ என்று அடித்துச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் ‘நோ, நோ, நோ’ என்று மூன்று தடவை சொல்லிக் கையை ஆட்டிவிடுகிறார்கள். கெஸ்டுக்கு விஷயம் புரியும்தான். ஆனால் அதையே மெனேஜருக்கு ஈமெயிலில் எழுதச் சொன்னால் கையை ஆட்ட முடியாதே.

தமிழில் இதற்கு எத்தனை வழி! அறவே இல்லை, சுத்தமா இல்லை, துளிகூட இல்லை, மருந்துக்குக்கூட இல்லை. யாழ்ப்பாணத்தார் ‘துப்பரவா இல்லை’ என்பார்கள். ஆங்கிலத்திலும் வழிகள் பல. அவற்றில் நல்ல அழுத்தம் உள்ளது, கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் அடிக்கடி கண்ணில் படுவது ‘வட்ஸோஎவர்’. அதை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்று பிடிபட்டுவிட்டால் மற்றவை தன்னால் வரும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் நாக்குக்கு வராது.

முதல் படி: வெறும் ‘நோ’வைச் சரியாகப் போடுங்கள்

அழுத்தம் பிறகு. முதலில் சாதாரண ‘இல்லை’ நேராக நிற்க வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று, ‘தெயர் இஸ் நோ ஹொட் வோட்டர்’. மற்றது, ‘தெயர் இஸன்ட் எனி ஹொட் வோட்டர்’. இரண்டும் ‘சுடுதண்ணீர் இல்லை’தான். முதல் வாக்கியத்தில் ‘இல்லை’ பொருளோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் வினையோடு ஒட்டியிருக்கிறது. பொருளுக்கு முன்னால் ‘எனி’ வந்து உட்கார்ந்துவிட்டது.

இரண்டையும் கலக்கக் கூடாது. ‘தெயர் இஸன்ட் நோ வோட்டர்’ என்றால் இரண்டு ‘இல்லை’ ஆகிவிடும். ஆங்கிலப் பாட்டிலும் படத்திலும் அப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. ஆபீசில் எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘இல்லை’ போதும்.

இரண்டாம் படி: வாலில் ஒட்டுங்கள்

இப்போது ‘வட்ஸோஎவர்’. அது பொருளின் பெயருக்குப் பின்னால் வரும்; முன்னால் வராது. ‘தெயர் இஸ் நோ ஹொட் வோட்டர் வட்ஸோஎவர்’: சுடுதண்ணீர் துளிகூட இல்லை. ‘தெயர் இஸன்ட் எனி ஹொட் வோட்டர் வட்ஸோஎவர்’ என்றாலும் அதே பொருள். ‘நோ வட்ஸோஎவர் வோட்டர்’ என்று நடுவில் செருகினால் வாக்கியம் முறிந்துவிடும். தமிழில் ‘துளிகூட’ என்பதை ‘இல்லை’க்கு முன்னால் வைத்தே பழகிய நமக்கு இந்த இடமாற்றம் முதலில் கொஞ்சம் தடுக்கும்.

சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றால் ‘நன் வட்ஸோஎவர்’ போதும். ‘எனி கம்ப்ளெயின்ட்ஸ்?’ என்று மெனேஜர் கேட்கிறார். ‘நன் வட்ஸோஎவர், சேர்’. ‘நத்திங் வட்ஸோஎவர்’ என்றால் ‘ஒன்றுமே இல்லை’. இவற்றோடு ‘நோ டவுட் வட்ஸோஎவர்’, ‘நோ ஐடியா வட்ஸோஎவர்’, ‘நோ ரீஸன் வட்ஸோஎவர்’ மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடுங்கள். அடிக்கடி வரும் சோடிகள் இவை. ஐயமே இல்லை, ஒன்றுமே தெரியாது, எந்தக் காரணமும் இல்லை.

எழுதும்போது அது ஒரே சொல். வட், ஸோ, எவர் என்று மூன்று துண்டாக உடைத்து இடைவெளி விட்டு எழுதக் கூடாது. சொல்லும்போது அழுத்தம் ‘எ’வில் விழ வேண்டும்: வட்ஸோ-எ-வர். முதல் எழுத்தை அழுத்தினால் கேட்பவருக்கு ‘வட்?’ என்று கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும். இன்னொன்று, ‘வட்எவர்’ என்று சுருக்கித் தனியாகச் சொல்லிவிடாதீர்கள். அது ‘என்னவோ போ’ என்று தோளைக் குலுக்குகிற பேச்சு. கெஸ்டிடம் சொன்னால் வேலைக்கே வேட்டு.

வினையோடும் குணத்தோடும் ‘அட் ஓல்’

‘வட்ஸோஎவர்’ பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும். ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்பதற்கு ‘ஐ டோன்ட் நோ வட்ஸோஎவர்’ என்று எழுதினால் சரியாகாது. ‘ஐ டோன்ட் நோ அட் ஓல்’ என்பதுதான் சரி. ‘இன்றைக்குக் குளிரே இல்லை’ என்பது ‘இட் இஸ் நொட் கோல்ட் அட் ஓல் டுடே’. நம்முடைய ‘ஏ’ விகுதி செய்கிற வேலையைப் பெரும்பாலும் இந்த ‘அட் ஓல்’ செய்துவிடும். வரவே இல்லை, பிடிக்கவே இல்லை, குளிரே இல்லை என்று எல்லாவற்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலும் இது வரும்: ‘நோ ஹொட் வோட்டர் அட் ஓல்’. ஆகவே எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் ‘அட் ஓல்’லையே போடுங்கள், பிழைக்காது. பேச்சில் இரண்டு சொல்லும் ஒட்டி ‘அடோல்’ என்றுதான் காதில் விழும். எழுதும்போது மட்டும் இரண்டாகப் பிரியுங்கள்.

கேள்வியிலும், ‘இருந்தால்’, ‘வந்தால்’ என்கிற மாதிரி ‘இஃப்’ போட்ட வாக்கியத்திலும்கூட இது வரும். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனில் அறை தேடி அலைகிறவர் ‘டூ யூ ஹேவ் எனி ரூம்ஸ் அட் ஓல்?’ என்பார். ஒரு அறையாவது இருக்கிறதா என்று கெஞ்சுகிற கேள்வி அது. ‘இஃப் யூ ஹேவ் எனி ட்ரபள் அட் ஓல், கோல் மீ’: சின்னதாக ஏதாவது சிரமம் என்றாலும் கூப்பிடுங்கள். ஆனால் ‘வீ ஹேவ் ரூம்ஸ் அட் ஓல்’ என்று நேர் வாக்கியத்தில் வராது.

‘யாரும்’, ‘ஒன்றும்’ செய்கிற குழப்பம்

தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் வழுக்குகிற இடம் இதுதான். இதற்கு எந்தப் பாடப்புத்தகமும் போதுமான இடம் கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

‘யாரும் ஒன்றும் சொல்லவில்லை.’ இந்த வாக்கியத்தில் ‘இல்லை’ எத்தனை? ஒன்றுதான், ‘சொல்லவில்லை’யில் இருப்பது. ‘யாரும்’, ‘ஒன்றும்’ இரண்டும் தன்னளவில் எதிர்மறை இல்லை. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது பிள்ளைகள் ‘யாரும்’ என்றால் ‘நோபடி’, ‘ஒன்றும்’ என்றால் ‘நத்திங்’, ‘சொல்லவில்லை’ என்றால் ‘டிடின்ட் சே’ என்று ஒவ்வொன்றாக மாற்றி, ‘நோபடி டிடின்ட் சே நத்திங்’ என்று மூன்று ‘இல்லை’ வைத்து எழுதுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் நேர் எதிராகப் போகும். ‘யாரும்’ எதிர்மறை இல்லையே என்று ‘எனிபடி டிடின்ட் கம்’ என்று எழுதுவார்கள். அதுவும் வராது. ஆங்கிலத்தில் எதிர்மறை முதலில் வர வேண்டும். ‘எனி’ அதற்குப் பின்னால்தான் வரும். எழுவாயே ‘யாரும்’ என்றால் அந்த இடத்திலேயே ‘நோபடி’ போட்டுவிட்டு, மீதி வாக்கியத்தை நேராக எழுதிவிடுங்கள். ‘நோபடி கேம்’: யாரும் வரவில்லை. ‘நோபடி செட் எனிதிங்’: யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ‘நோபடி செட் எனிதிங் வட்ஸோஎவர்’: யாரும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஆகவே எழுதி முடித்ததும் வாக்கியத்தில் ‘இல்லை’ எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலில் வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ‘நோ’, ‘நத்திங்’ போன்றவற்றை ‘எனி’, ‘எனிதிங்’ ஆக்குங்கள்; வினையில் இருக்கும் ‘இல்லை’யை எடுத்துவிடுங்கள்.

‘ஆமாம்’ என்பதால் வரும் வம்பு

ரிசப்ஷனில் கெஸ்ட் கேட்கிறார்: ‘டோன்ட் யூ ஹேவ் ஹொட் வோட்டர்?’ சுடுதண்ணீர் இல்லையா? நம் பிள்ளை ‘யெஸ்’ என்கிறது. ‘ஆமாம், இல்லை’ என்று சொல்கிறோம் என்று நினைப்பு. கெஸ்ட் காதில் விழுவதோ ‘யெஸ், வீ டூ’: இருக்கிறது. அவர் சந்தோஷமாகத் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவார். நுவரெலியாவில் ஜனவரி மாத விடியலில் பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழில் கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோமா என்று பார்த்து ‘ஆமாம்’ போடுகிறோம். ஆங்கிலத்தில் பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். கேள்வி எப்படி வந்தாலும் இருந்தால் ‘யெஸ்’, இல்லாவிட்டால் ‘நோ’. பாதுகாப்பான வழி, ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இருப்பது: ‘நோ, வீ டோன்ட். த ஹீட்டர் இஸ் பீயிங் ரிப்பெயார்ட்’. ஹீட்டர் திருத்துகிறார்கள் என்ற இரண்டாம் வாக்கியம் வந்துவிட்டால், முதல் சொல் பிசகினாலும் கெஸ்ட் குளிர்ந்த தண்ணீரில் மாட்டமாட்டார்.

இதே குடும்பத்தில் இன்னொரு பொறி ‘நொட் அட் ஓல்’. ‘டூ யூ மைன்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?’ என்று கேட்டால், ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். ‘நொட் அட் ஓல்’ என்றால் ஆட்சேபமே இல்லை, தாராளமாகத் திறங்கள். ‘யெஸ்’ என்றால் திறக்காதே என்று அர்த்தம்! நம் ஊர்த் தலையாட்டலும் வெளிநாட்டுக்காரருக்கு ஆமாமா இல்லையா என்று விளங்காது, அதனால் வாயால் சொல்வது நல்லது. ‘தேங்க் யூ’வுக்குப் பதிலாகவும் ‘நொட் அட் ஓல்’ சொல்லலாம். பரவாயில்லை என்கிற மாதிரி. பிரிட்டிஷ்காரர் வழக்கம் அது.

எண்ணக் கூடியது, எண்ண முடியாதது

‘ஒன்றுகூட இல்லை’ என்பதற்கு ‘நொட் அ சிங்கிள்’ என்று ஒரு வழி உண்டு. எண்ணக் கூடிய பொருளுக்கு மட்டும்; பொருளும் ஒருமையில். ‘நொட் அ சிங்கிள் ரூம் இஸ் ஃப்ரீ’: ஒரு அறைகூடக் காலியில்லை. ‘இன்ஃபர்மேஷன்’, ‘லக்கேஜ்’, ‘ஃபர்னிச்சர்’ போன்றவற்றை ஆங்கிலத்தில் எண்ணமாட்டார்கள் என்பதால் ‘நொட் அ சிங்கிள் இன்ஃபர்மேஷன்’ வராது. ‘நோ இன்ஃபர்மேஷன் அட் ஓல்’ என்று போய்விடுங்கள்.

தண்ணீர், அரிசி மாதிரியானவற்றுக்கு நாம் சொட்டு, மணி என்று துணைக்கு ஒன்றைக் கூப்பிடுகிறோமே, அதையே அவர்களும் செய்கிறார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை: ‘நொட் அ ட்ரொப் ஒஃப் வோட்டர்’. ஒரு மணி அரிசி இல்லை: ‘நொட் அ க்ரெய்ன் ஒஃப் ரைஸ்’. ஈ காக்கை இல்லை என்கிற இடத்தில் ‘நொட் அ சோல்’ என்பார்கள். சிவனொளிபாதமலை சீசன் முடிந்து நல்லதண்ணியில் கடைகள் மூடிய பிறகு, இரவில் படியேறிப் போய்வந்த கெஸ்ட் ‘தெயர் வாஸ் நொட் அ சோல்’ என்றால் பேய் பிசாசு பற்றிப் பேசவில்லை. மனித நடமாட்டமே இல்லை என்கிறார்.

‘ஸீரோ’வுக்குப் பின்னால் பன்மை வரும்: ‘ஸீரோ மிஸ்டேக்ஸ்’. ‘நன்’னுக்குப் பின் ஒருமை வினையா பன்மை வினையா என்று ஆசிரியர்கள் சண்டை பிடிப்பார்கள். ‘நன் ஒஃப் த கெஸ்ட்ஸ் ஹேஸ் கம்ப்ளெயின்ட்’, ‘நன் ஒஃப் த கெஸ்ட்ஸ் ஹேவ் கம்ப்ளெயின்ட்’ இரண்டும் வழக்கில் உண்டு, விட்டுத்தள்ளுங்கள்.

படிவத்தில் ‘நில்’

படிவங்களில் இந்த வேலையைச் செய்கிற குட்டிச் சொல் ‘நில்’. நம்முடைய நிற்கச் சொல்கிற ‘நில்’ மாதிரியே ஒலிக்கும் என்பதால் மறக்காது. லத்தீனில் ‘ஒன்றுமில்லை’ என்ற பொருளில் இருந்த சொல்லின் சுருக்கம் அது. வங்கிப் படிவத்தில் ‘வேறு கடன்கள்’ என்ற கட்டத்தில் கடன் இல்லாவிட்டால் ‘நில்’ என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். வெற்றிடம் என்றால் கடன் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், எழுத மறந்துவிட்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் யாராவது எதையாவது எழுதிவிடவும் கூடும்.

‘நில்’லும் ‘நொட் அப்ளிகபல்’லும் ஒன்று இல்லை. கல்யாணம் ஆகாதவருக்கு ‘கணவன் அல்லது மனைவியின் பெயர்’ என்ற கேள்வியே பொருந்தாது. அங்கே ‘நொட் அப்ளிகபல்’ என்பதன் சுருக்கமான ‘என் ஏ’. கல்யாணமாகிப் பிள்ளை இல்லாதவருக்குப் ‘பிள்ளைகளின் எண்ணிக்கை’ பொருந்துகிறது, விடைதான் பூச்சியம், அங்கே ‘நில்’.

தோட்டத்து ஆபீசில் சேருகிறவர் இந்த வேறுபாட்டை மழைப் பதிவில் கற்றுக்கொள்ளலாம். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து மில்லிமீட்டரில் எழுதுகிற ஏடு அது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி பிறந்தால் வரட்சி. நாள் கணக்கில் மழை இராது. அந்த நாட்களில் ‘நில்’ என்றோ பூச்சியம் என்றோ எழுத வேண்டும். கட்டம் வெறுமையாக இருந்தால் மழை பெய்யவில்லை என்று ஆகாது. அன்று யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று ஆகும். போயா தினத்துக்கு லீவு போட்டுவிட்டு மறுநாள் வந்து கண்ணை மூடிக்கொண்டு ‘நில்’ எழுதுவது அதைவிட மோசம். சில நாள் பனித்தூறல் மட்டும் விழும். மானிக்குள் ஈரம் தெரியும், அளக்க வராது. அதற்கு வானிலைக்காரர்களிடம் தனிச் சொல்லே உண்டு: ‘ட்ரேஸ்’. கொஞ்சம் இருந்தது, அளக்கத்தான் முடியவில்லை என்பது அதன் பொருள்.

எல்லாம் போனதா, கொஞ்சம் மிச்சமா?

‘வட்ஸோஎவர்’ போட்டுவிட்டால் விதிவிலக்குக்கு இடமே இல்லை. ‘தெயர் இஸ் நோ ஸ்டொக் வட்ஸோஎவர்’ என்று எழுதி அனுப்பிய பிறகு களஞ்சியத்தின் மூலையில் ஒரு பெட்டி கிடந்தால் உங்கள் பெயர்தான் கெடும். ஆகவே எழுதும் முன் எழுந்து போய்ப் பாருங்கள். ஏதோ கொஞ்சம் இருக்கலாம் என்று தோன்றினால் ‘ஹார்ட்லி எனி’ என்று எழுதுங்கள்: இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. ‘ஹார்ட்லி’க்குள்ளேயே அரை ‘இல்லை’ ஒளிந்திருப்பதால் அதோடு இன்னொரு ‘நொட்’ சேர்க்கக் கூடாது.

மலையகத்துக் கோப்பியே நல்ல உதாரணம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது இந்த மலைகள் எல்லாம் கோப்பித் தோட்டங்கள். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தொழில் சாய்ந்து அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. சுற்றுலா வழிகாட்டியாகப் போகிற பையன்கள் இதைச் சொல்லும்போது உற்சாகத்தில் ‘ஆஃப்டர் தட், நோ கோஃபி வட்ஸோஎவர் இன் சிலோன்’ என்றுவிடுகிறார்கள். கண்டியிலும் பதுளையிலும் வீட்டுத் தோட்டங்களில் இன்றைக்கும் கோப்பி காய்க்கிறது. கெஸ்ட் அடுத்த வளைவிலேயே ஒரு கோப்பி மரத்தைக் காட்டி ‘வட் இஸ் திஸ்?’ என்று கேட்கலாம். ‘ஹார்ட்லி எனி கோஃபி வாஸ் லெஃப்ட்’ என்றிருந்தால் கதையும் நின்றிருக்கும், மரமும் நின்றிருக்கும்.

‘ஃபியூ’, ‘அ ஃபியூ’ வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘வீ ஹேவ் அ ஃபியூ ரூம்ஸ்’ என்றால் சில அறைகள் இருக்கின்றன, வாருங்கள். ‘வீ ஹேவ் ஃபியூ ரூம்ஸ்’ என்றால் அறைகள் மிகக் குறைவு. ஓர் ‘அ’வில் வியாபாரமே மாறும்.

எங்கே அடக்கி வாசிப்பது

அழுத்தம் எல்லா இடத்திலும் அழகாக இராது. ‘நோ ரூம்ஸ் வட்ஸோஎவர்’ இலக்கணப்படி சரி, ஆனால் அறை கேட்டு வட்ஸ்அப்பில் எழுதியவருக்கு அப்படிப் பதில் போட்டால் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. ‘ஸொரி, வீ ஆர் ஃபுலி புக்ட்’ போதும்; இல்லை என்ற சொல்லே அதில் இல்லை. நுவரெலியா நகரத்தில் ரயில் நிலையம் எங்கே என்று கேட்பவருக்கும் அப்படித்தான். நிலையமே இல்லை என்பது உண்மை. ஆனாலும் ‘நோ ஸ்டேஷன் வட்ஸோஎவர்’ என்று அடிக்காமல் ‘த நியரெஸ்ட் ஸ்டேஷன் இஸ் நானுஓயா’ என்று இருப்பதைச் சொல்லுங்கள். அவருக்குத் தேவை அதுதான்.

இன்டர்வியூவில் அனுபவம் உண்டா என்று கேட்டால் ‘நோ எக்ஸ்பீரியன்ஸ் வட்ஸோஎவர்’ என்று நேர்மையாகச் சொல்லித் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. ‘நொட் யெட்’ என்று ஒன்று இருக்கிறது: ‘ஐ ஹேவ்ன்ட் வேர்க்ட் இன் அ ஹோட்டல் யெட்’. இன்னும் இல்லை, இனிமேல் உண்டு என்று காது கேட்கும். அப்புறம், தெரிந்த வேலை ஒன்றை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள்.

இந்தச் சொல் தாராளமாகப் போக வேண்டியது நல்ல செய்தியிலும், வாக்குறுதியிலும், முறைப்பாட்டிலும். ‘நோ ப்ரொப்ளம் அட் ஓல்’ என்று சொல்லிக் கேட்ட கெஸ்ட் யாரும் கோபித்தது கிடையாது. ‘நோ எக்ஸ்ட்ரா சார்ஜ் வட்ஸோஎவர்’ என்று எழுதிக் கொடுத்தால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். நாமே முறைப்பாடு எழுதும்போது, மூன்று தடவை கடிதம் போட்டும் பதில் வராவிட்டால் ‘வீ ஹேவ் ரிசீவ்ட் நோ ரிப்ளை வட்ஸோஎவர்’ என்ற ஒரு வரிக்கு நல்ல கனம் உண்டு. கடிதத்தில் ஒரு இடத்தில் மட்டும் போடுங்கள். பத்திக்கு ஒன்று போட்டால், எந்நேரமும் அழுகிற பிள்ளையை யாரும் கவனிக்காத கதையாகிவிடும்.

கையெழுத்துப் போடும் முன்

‘வட்ஸோஎவர்’ ‘எனி’யோடு சேர்ந்து நேர் வாக்கியத்திலும் வரும், அங்கே அர்த்தம் ‘எதுவாக இருந்தாலும்’. ‘ஃபோர் எனி ரீஸன் வட்ஸோஎவர்’ என்றால் எந்தக் காரணத்துக்காகவும். வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தில் ‘த எம்ப்ளோயர் மே டேர்மினேட் ஃபோர் எனி ரீஸன் வட்ஸோஎவர்’ என்று இருந்தால், எந்தக் காரணம் சொல்லியும் உங்களை நிறுத்தலாம் என்கிறது அந்த வரி. கம்பியில் சறுக்கும் விளையாட்டுக்கோ மலையேற்றத்துக்கோ கையெழுத்து வாங்கும் தாள்களில் ‘நோ லயபிலிட்டி வட்ஸோஎவர்’ என்று வருவதைப் பார்க்கலாம்: எங்களுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. அந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் அந்த வரியை இரண்டாம் தடவை படியுங்கள், விளங்காவிட்டால் விளங்கினவரிடம் காட்டுங்கள். எழுதிக் கொடுத்தவர் யோசித்துத்தான் அதைப் போட்டிருப்பார்.

‘லெஸ்’ஸும் ‘ஃப்ரீ’யும்

கடைசியாக ஒரு சின்னக் கிளை. சொல்லின் வாலிலேயே ‘இல்லை’யை ஒட்டிவிடுவதும் உண்டு, நம்முடைய ‘அற்ற’ போல ‘லெஸ்’. வீடற்றவர் ‘ஹோம்லெஸ்’, காணியற்றவர் ‘லேண்ட்லெஸ்’. மலையகத்தாருக்கு இதில் ஒரு சொல் பாடம் நடத்தாமலே தெரியும்: ‘ஸ்டேட்லெஸ்’, நாடற்றவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு நம் தாத்தா பாட்டிமார் தலையில் விழுந்த சொல் அது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து ஆட்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிச்சம் நாடற்று இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. கெஸ்ட் யாராவது மலையகத்து வரலாறு கேட்டால் இந்தச் சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அவருக்கு உடனே விளங்கும்.

இல்லாதது நல்லது என்றால் ‘ஃப்ரீ’ ஒட்டும். ‘ஷுகர் ஃப்ரீ’, ‘டெக்ஸ் ஃப்ரீ’. ‘ப்ரைஸ்லெஸ்’ஸை மட்டும் கணக்குப் பார்த்து ‘விலையில்லாதது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விலைமதிக்க முடியாதது என்று பொருள்.

செய்து பாருங்கள்

கீழே உள்ளதைத் தாளில் மூடி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆங்கிலமாக்குங்கள்.

நேற்று ஹோட்டன் சமவெளியின் உலக முடிவில் ஒரே பனிமூட்டம், ஒன்றுமே தெரியவில்லை. இதற்கு ‘தெயர் வாஸ் ஸோ மச் மிஸ்ட் அட் வேர்ல்ட்ஸ் எண்ட் யெஸ்டடே. வீ குடின்ட் சீ எனிதிங் அட் ஓல்’. ‘குடின்ட் சீ நத்திங்’ என்று எழுதியிருந்தால் மறுபடியும் விரலை எண்ணுங்கள்.

இன்று யாரும் வேலைக்கு வரவில்லை: ‘நோபடி கேம் டு வேர்க் டுடே’.

கெஸ்டுகளிடமிருந்து எந்த முறைப்பாடும் இல்லை: ‘நோ கம்ப்ளெயின்ட்ஸ் வட்ஸோஎவர் ஃப்ரொம் த கெஸ்ட்ஸ்’.

பால் கொஞ்சம்தான் இருக்கிறது, கிட்டத்தட்ட முடிந்துவிட்டது: ‘தெயர் இஸ் ஹார்ட்லி எனி மில்க் லெஃப்ட்’. இதில் ‘வட்ஸோஎவர்’ போட்டிருந்தால் குசினிக்குப் போய்ப் போத்தலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

‘டோன்ட் யூ ஹேவ் எ டோர்ச்?’ என்று கேட்கிறார், உங்களிடம் டோர்ச் இல்லை. விடை: ‘நோ, ஐ டோன்ட்’. இருந்தால், ‘யெஸ், ஐ டூ’ என்று சொல்லி எடுத்துக் கொடுங்கள்.